இடது பின்வரிசைக்கு ஓர் ஊர்

மன்னார்
10.06.2024

மதுஷிகாவின் அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தை மகள் சொல்லித்தான் அறிகிறேன். பிரஷர் குளிசையை நினைத்த நேரம்தான் போடுகிறீர்களாம். ஒழுங்காகப் போடுங்கோ.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன மாதம் நான் அணியைப் பற்றி உங்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நீங்கள் அதை உங்கள் தங்கச்சிக்குப் போட்டீர்கள், அவ மாதர் சங்கத்துக்குப் போட்டா. மூன்றாம் நாள் கரையில் நான் நண்டு வாங்குகிற வாடியில் நிறுக்க வந்த ஒருவன் என் குரலை எனக்கே போட்டுக் காட்டினான். கடிதமென்றால் அந்தக் கரைச்சல் இல்லை. சாஹுல் ஹமீட் கிழமைக்கு இரண்டு தரம் நண்டு லொறியோடு சிலாபம் வருகிறார். பதிலையும் அவர் கையில் கொடுங்கோ.

விஷயத்துக்கு வாறன். முத்துக்கரை உதைபந்தாட்ட அணியின் நிர்வாகத்துக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். வேறு ஒருவரும் கை தூக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒன்பது போட்டி முடிந்துவிட்டது, இன்னும் ஒன்பது இருக்கிறது. எங்களிடம் நாலு புள்ளி. வாங்கிய கோல் இருபத்தேழு. பத்து அணியில் பத்தாவதாக நிற்கிறோம். கடைசி இரண்டு அணியையும் லீக்கை விட்டு வெளியே போடுவார்கள். போனால் பெடியளுக்குச் சம்பளம் இல்லை, மன்னாருக்கு அணி இல்லை. திரும்ப உள்ளே வர எத்தனை வருஷம் பிடிக்குமோ தெரியாது. வீரர்களை மாற்ற 15ஆம் திகதியிலிருந்து 30ஆம் திகதி வரை பதிவு திறந்திருக்கிறது. அதற்குள் அணியைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

போன புதன் இருபத்திரண்டு பேரையும் நிரைக்கு நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கேட்டேன், "நீ எங்க நிண்டு விளையாடுறனி?" என்று. பதினாலு பேர் "முன்னுக்கு" என்றார்கள். ஐந்து பேர் "நடுவில, ஆனா முன்னுக்கும் போவன்." இரண்டு பேர் பந்துக்காப்பாளர்கள். ஒருவன் மட்டும் "கோச் சொல்லுற இடத்தில மாமி" என்றான். அவனுக்கு ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் கொடுத்தேன்.

இது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் கொண்டு வந்ததுதான். மன்னாரின் பத்து ஊரிலிருந்தும் ஊருக்கு இரண்டு பேர், மிச்ச இரண்டு பேர் தலைவரின் விருப்பம். சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிய நேரம், கோயிற்பற்றும் கோயிற்பற்றும் முகம் பார்க்காமல் இருந்த நேரம், அது நல்ல ஏற்பாடு. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த ஊரும் தன் பங்குக்குத் தடுக்கிறவனை அனுப்புமா? கோல் அடித்துத் தோளில் தூக்கியவனைத்தான் அனுப்பும். பத்து ஊரும் அதையே செய்தால் பின்னுக்கு நிற்க ஆளில்லை. பத்துக் கரையும் நண்டையே கொண்டு வந்து இறக்கினால் என் வாடியில் மீன் கேட்டு வருபவனுக்கு நான் என்ன சொல்வது? தலைவரின் விருப்பத்தில் வந்த இரண்டு பேரைப் பற்றி எழுதவில்லை. இருவரும் முந்திய தலைவரின் மச்சான்மார்.

23ஆம் திகதி ஞாயிறு, பூசை முடிய ஊர்ப் பிரதிநிதிகளுக்குக் கூட்டம் வைத்திருக்கிறேன். பங்கு முறையை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னால் "நண்டு யாவாரிக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்" என்பார்கள். நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள். நீங்கள் அடைத்த வேலி, நீங்களே பிரிக்க வேண்டும். ஒரு நாள் வேலைதான். வாங்கோ.

லூசியா


சிலாபம்
14.06.2024

லூசியா,

கடிதம் கிடைத்தது. குளிசை போடுகிறேன். மகளின் கதையை முழுக்க நம்ப வேண்டாம்.

நீர் தலைவரானது நல்ல செய்தி. ஆனால் வந்து ஒரு மாதமாகவில்லை, அத்திவாரத்தில் கை வைக்கப் பார்க்கிறீர். அந்தப் பங்கு முறைக்காக நான் எத்தனை வீட்டு வாசலில் நின்றேன் என்று உமக்குத் தெரியும். வங்காலையில் ஒரு நாள், பேசாலையில் மூன்று நாள், கொண்டச்சியில் பள்ளிவாசல் ஆக்களோடு இரவுச் சாப்பாடு. அங்கே உங்கள் பந்துக்காப்பாளன் அப்துல் ஹமீடின் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்புறோஸ், எங்கட பிள்ளைக்கும் இடம் வைச்சீங்களே" என்றார். அந்த முறையை நானே வந்து பிழை என்று சொல்வதோ? என்னால் முடியாது. அதோடு 23ஆம் திகதி நான் உதவிப் பயிற்சியாளராக நிற்கிற சிலாபம் அணிக்கு இங்கே பயிற்சிப் போட்டி இருக்கிறது.

ஆலோசனை கேட்டால் தருகிறேன். வெளியே இருந்து மூன்று பேரை எடும். பின்வரிசைக்கு உயரமான இரண்டு பேர், நடுவுக்கு ஓடக்கூடிய ஒருவர். திருகோணமலைப் பக்கம் இருக்கிறார்கள், விலாசம் அனுப்புகிறேன். மிச்சத்தைத் தொட வேண்டாம். மைதானத்தில் டிலோஜனை அணித் தலைவனாகவே வைத்திரும். என் தங்கச்சியின் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையில் அவன்தான் உங்களிடம் இருக்கிற ஒரே கோல்காரன்.

நீர் யாவாரத்தில் கெட்டிக்காரி. யாவாரத்தில் பிழைத்தால் அடுத்த நாள் திருத்தலாம். ஊர் மனம் அப்படியல்ல. கவனம்.

அன்புடன்
அம்புறோஸ்


மன்னார்
25.06.2024

மதுஷிகாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிவரை வாசலைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. கூட்டத்தைத் தொடங்கிவிட்டேன்.

வெளியாட்கள் மூன்று பேர் என்ற உங்கள் ஆலோசனைக்கு நன்றி. நான் எடுக்கவில்லை. வெளியிலிருந்து வருபவன் அடுத்த வருஷம் கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போவான். அவனோடு எங்கள் பின்வரிசையும் போய்விடும். கடையில் வாங்கிய வலை கிழிந்தால் திரும்பவும் கடைக்குத்தான் போக வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பங்கு முறையை எடுக்கப் போறன் என்று வாய் திறந்ததும் கதிரைகள் எல்லாம் பின்னுக்கு நகர்ந்தன. பேசாலைப் பிரதிநிதி எழும்பி, "அப்ப எங்கட ஊரை வெட்டுறியளோ?" என்று கேட்டார். எனக்கு அந்த இடத்தில்தான் வெளித்தது. ஊருக்குப் பங்கு வேண்டும், அதை ஒருவராலும் பறிக்க முடியாது. சரி, பங்கை வைத்திருக்கட்டும். பங்காக எதைக் கொடுக்கிறோம் என்பதை மாற்றினால் என்ன?

"ஒரு ஊரையும் வெட்டேல்ல, ஒரு ஊரைக் கூட்டப் போறன்" என்றேன். நறுவிலிக்குளத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஆக்களுக்கு இத்தனை வருஷமாகப் பங்கில்லை. கோயிற்பற்று இல்லை, பள்ளிவாசல் இல்லை, அதனால் கணக்கில் இல்லை. தலைவரின் விருப்பமென்ற இரண்டு இடத்தையும் அவர்களுக்குக் கொடுத்தேன். இப்போது பதினொரு ஊர். மைதானத்தில் நிற்பதும் பதினொரு இடம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இடம் சொந்தம். அந்த இடத்துக்கு ஒருவன், அவனுக்கு மாற்றாக ஒருவன், இரண்டு பேரையும் அந்த ஊரே தர வேண்டும். தடுக்கிற இடத்தில் நிற்காமல் முன்னுக்கு ஓடுகிறவனை அனுப்பினால் பயிற்சியாளர் திருப்பி அனுப்புவார், அந்தக் கிழமை ஊருக்கு ஆளில்லை.

எந்த ஊருக்கு எந்த இடம் என்றுதான் அடுத்த சண்டை. அதற்குத் திருவுளச்சீட்டுப் போட்டோம். யார் முதலில் கரைவலை வளைப்பது என்று சீட்டுப் போடுகிற ஆக்கள், சீட்டில் விழுந்ததை மறுத்துப் பழக்கமில்லை. மாதா கோயில் சுவாமியும் தாராபுரத்து மௌலவியும் மாறி மாறி எடுத்தார்கள். பந்துக்காப்பாளர் தாராபுரத்துக்கு விழுந்தது. அப்துல் ஹமீட் ஏற்கெனவே அங்கேதான் பெண் எடுத்திருக்கிறான், இனி அந்த ஊர்ப் பிள்ளை என்று உடனே முடிவெடுத்துவிட்டார்கள். கொண்டச்சி ஆக்கள் கொஞ்சம் முறுகினார்கள், பிறகு சரி. பின்வரிசை நடு நறுவிலிக்குளத்துக்கு. அங்கே ரவிசந்திரன் என்றொருவன், நெல் மூட்டை ஏற்றுகிறவன். வீரர் பதிவுக்கு அவனைக் கூட்டி வந்த நேரம் எங்கள் பழைய ஆக்கள் இரண்டு பேர் முட்டிப் பார்த்தார்கள். முட்டியவர்கள்தான் விழுந்தார்கள்.

எங்கள் ஊருக்கு விழுந்தது இடது பின்வரிசை, டிலோஜனுக்கும் இனி அதுதான் இடம். நான் சீட்டில் கை வைத்தேன் என்று உங்கள் தங்கச்சி சொல்லித் திரிகிறாவாம். கை வைத்திருந்தால் என் ஊருக்கு அந்த இடத்தையா எடுப்பேன்?

பயிற்சிக்கு இராமலிங்கம் மாஸ்டரை வைத்திருக்கிறேன். முருங்கனில் பள்ளிக்கூடப் பெடியளுக்குப் பத்து வருஷமாகப் பழக்குகிறவர். குரல் உயர்த்தமாட்டார். ஆனால் ஒருவன் பிழையான இடத்தில் நின்றால் போய் அவன் பக்கத்தில் தானும் நிற்பார், அவன் நகரும் வரைக்கும்.

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். உங்கள் வேலியை நான் பிரிக்கவில்லை, படலையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

லூசியா


சிலாபம்
02.07.2024

லூசியா,

இன்று மடுத் திருவிழா. வர முடியவில்லை, இங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். சீட்டுக் குலுக்கி அணி கட்டுவதைப் பற்றி என் வாழ்நாளில் கேள்விப்படவில்லை. இங்கே எங்கள் பெரிய பயிற்சியாளருக்குச் சொன்னேன், அவர் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிலோஜனை இடது பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறீராம். பன்னிரண்டு வயசிலிருந்து கோல் அடிக்கிற பிள்ளை. தங்கச்சி தினமும் போன் எடுத்து அழுகிறா. சந்தியில் பெடியள் "என்னடா, ஊருக்குக் காவல் நாய் வேலை கிடைச்சிட்டுதாமே" என்று கேட்டார்களாம். அவனுக்கு மட்டும் ஒரு விலக்குத் தாரும். ஒரு ஆளுக்கு விட்டால் என்ன வந்துவிடும்? முன்னுக்கு ஒரு இடம் பார்த்துக் கொடும். உம்மிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

அம்புறோஸ்


மன்னார்
24.07.2024

மதுஷிகாவின் அப்பாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. சோளகக் காற்றுப் பிடித்து அடிக்கிறது, வள்ளங்கள் பாதி நாள் கரையில்தான். அதனால் நண்டு குறைவு, வேலை கூட.

டிலோஜனுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. தலைவரின் மருமகனுக்கு விட்டால் அடுத்த நாள் பத்து ஊரும் தங்கள் மருமகனோடு வாசலில் நிற்கும். நீங்கள் கேட்ட முதல் காரியத்துக்கே இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது எனக்குக் கஷ்டம்தான். ஆனால் இல்லை.

அவன் இரண்டு கிழமை பயிற்சிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். உங்கள் தங்கச்சி கதவைத் திறந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு, "மாமி, நான் பின்னுக்கு நிண்டால் சனத்தில ஆர் என்னைப் பாப்பினம்?" என்றான்.

"பந்து போற பக்கத்தைத்தான் சனம் பாக்கும். எங்கட ஆட்டத்தில பந்து எந்தப் பக்கம் நிக்கிறது?" என்று கேட்டேன்.

எழும்பிக் கட்டிலில் இருந்தான். பிறகு சிரித்துவிட்டான். அடுத்த நாள் மைதானத்துக்கு வந்தான். இராமலிங்கம் மாஸ்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை, சப்பாத்தை மட்டும் பார்த்து நூலை இறுக்கிக் கட்டச் சொன்னார். கோல் அடித்துப் பழகியவனுக்கு, எதிரே வருகிறவன் எந்தக் காலுக்குப் பந்தை மாற்றப் போகிறான் என்பது முன்கூட்டியே தெரிகிறதாம். தானும் அதையே செய்திருப்பான் அல்லவா. இது மாஸ்டர் சொன்னது.

புது அணியோடு நாலு போட்டி முடிந்துவிட்டது. முதலாவதில் ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம். அடுத்த இரண்டும் சமம். போன சனி ஒன்றுக்குச் சைபர் என்று வென்றோம். நாலு போட்டியில் வாங்கிய கோல் இரண்டு. கோல் அடிக்கிறது குறைவு என்று சனம் முறைப்படுகிறது. முறைப்படட்டும். முதலில் ஓட்டையை அடைப்போம், பிறகு தண்ணீர் நிறையும்.

இன்னொரு புதினமும் கேளுங்கோ. எருக்கலம்பிட்டியில் வலது பின்வரிசைக்கென்றே ஆள் தெரிவுக்கு ஒரு நாள் போட்டி வைத்திருக்கிறார்கள். கோல் அடித்தால் கணக்கில்லை, தடுத்தால்தான் புள்ளி. இருநூறு பேர் பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஓகஸ்ட் 31, எங்கள் கடைசிப் போட்டி, உங்கள் அணியோடு, இங்கே மன்னாரில். அது வரைக்கும் இனிக் கடிதம் வேண்டாம். நான் எழுதினால் எங்கள் அணியைப் பற்றித்தான் எழுதுவேன், நீங்கள் படித்தால் உங்கள் அணிக்குச் சொல்ல வேண்டிய கடமை வரும். இரண்டு பேருக்கும் பாவம் எதற்கு.

லூசியா


சிலாபம்
01.09.2024

லூசியா,

நேற்று இரவே பஸ்ஸில் திரும்பிவிட்டோம். மைதானத்தில் நீர் தூரத்திலிருந்து தலையசைத்தீர், நானும் அசைத்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் கதைத்தோம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கு ஒரு புள்ளி போதும் என்று எங்களுக்குத் தெரியும். இடைவேளையில் எங்கள் பெடியளுக்கு, "எல்லாப் பந்தையும் டிலோஜனின் பக்கம் கொண்டு போங்கோ, அவன் எப்படியும் முன்னுக்கு ஓடுவான், பின்னுக்கு இடம் வெளிக்கும்" என்று சொன்னது நான்தான். அவனைப் பன்னிரண்டு வயசிலிருந்து தெரியும் என்ற துணிவு. நாற்பத்தைந்து நிமிஷமும் அந்தப் பக்கம் அடித்தோம். அவன் முன்னுக்கு ஓடவில்லை. ஒரு தரம்கூட ஓடவில்லை. கடைசியில் அவன் ஒரு பந்தை வெளியே ரோட்டுக்கு உதைத்தான். நம் ஊர் ஆக்கள் ஒரு பக்கமாக இருந்தவர்கள், கோல் விழுந்தது போல எழும்பினார்கள். என் தங்கச்சி முந்தானையைத் தூக்கி வீசுகிறா. சைபருக்குச் சைபர் முடிந்த ஆட்டத்துக்கு ஒரு மைதானம் அழுது நான் பார்த்ததில்லை. எட்டாம் இடம். லீக்கில் இருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

ஜூன் 23 எங்களுக்குப் பயிற்சிப் போட்டி இருக்கவில்லை. அறையில் படுத்திருந்தேன்.

இன்னொன்று. ஆறு மாதத்துக்கென்று வந்தவன் ஏன் ஆறு வருஷம் நின்றேன் என்று நீர் ஒரு நாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இங்கே வருவதற்குக் கொஞ்சம் முந்தி, நான் அங்கே பயிற்சிக்குச் சைக்கிளில் போகும் நேரம் சந்தியில் ஒரு புதுப் பொடியன் நான் யாரென்று கேட்டான். பக்கத்தில் நின்றவன், "நண்டு லூசியாவின்ர புருஷன்" என்றான். பதினெட்டு வருஷம் அணித் தலைவன், பயிற்சியாளன், பத்து ஊரை ஒன்றாக இருத்தியவன். அவ்வளவும் போய் அந்த மூன்று சொல்தான் மிஞ்சியது. அது எனக்குத் தாங்கவில்லை. இங்கே யாரும் உம்மை அறியார்கள். அதனால் நின்றேன்.

இங்கே என் ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த பருவத்துக்கு முத்துக்கரைக்கு ஒரு அனுபவமுள்ள பயிற்சியாளர் வேண்டுமென்றால் வரத் தயார். பழைய முறையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். வீட்டுக்கும் வரலாமென்றால், அதை நீர்தான் சொல்ல வேண்டும்.

அம்புறோஸ்


மன்னார்
04.09.2024

அம்புறோஸுக்கு,

கடிதத்தை வாடியில் வைத்துப் படித்தேன். நிறுத்துக் கொண்டிருந்த ஆக்களைப் பத்து நிமிஷம் காக்க வைத்துவிட்டேன். அது என் வழக்கமில்லை.

டிலோஜனின் பக்கம் அடிக்கச் சொன்னது உங்கள் வேலை. அதற்காக ஒரு சொல் சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால்தான் கோபித்திருப்பேன்.

இனி நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில்.

பயிற்சியாளர் வேலை இல்லை. இராமலிங்கம் மாஸ்டர் அந்த இடத்தில் நிற்கிறார், நல்லாக நிற்கிறார். பதினாலு முன்வரிசைக்காரரை வைத்துக்கொண்டு தொடங்கி, ஒன்பது போட்டியில் ஆறு கோலுக்கு மேல் விட்டுக்கொடுக்காமல் முடித்தவர். அவரிலும் நீங்கள் பெரியவர் என்று ஊர் சொல்லும். நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் இப்போதைய அணிக்கு அவர்தான் சரி. ஒரு இடத்தில் ஒருவன் நல்லாக நிற்கும்போது அவனை மாற்றுவது யாவாரமும் இல்லை, பந்தும் இல்லை. உதவிப் பயிற்சியாளராகவும் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் பெடியள் அவரைப் பார்க்காமல் உங்களைப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வாறதென்றால் வாங்கோ. உங்கள் அலுமாரியை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், நானும் கேட்காமல் இருந்தேனே தவிர மறந்திருக்கவில்லை. ஆனால் எதற்கு வாறீர்கள் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு வாங்கோ. இங்கே உங்களுக்கு ஒரு பதவியும் இல்லை. பிரதிநிதிகள் கூட்டத்தில் கதிரை இல்லை. போட்டி நாளில் நான் தலைவர் வரிசையில் இருப்பேன், நீங்கள் வெயிலில் ஊர் ஆக்களோடு இருந்து பார்க்க வேண்டும். சந்தியில் அந்தப் பொடியன் வளர்ந்துவிட்டான், இன்னும் அங்கேதான் நிற்கிறான். உங்களைக் கண்டால் அந்த மூன்று சொல்லைத்தான் சொல்லுவான். நான் அதைக் குறைக்கப் போவதில்லை. முப்பது வருஷம் சைக்கிளில் நண்டுக் கூடை கட்டித் திரிந்து உழைத்த பெயர் அது. அதில் பாதி உங்களுக்கு வருவது எனக்கு ஒரு நாளும் குறைவாகத் தெரிந்ததில்லை. உங்களுக்குத் தெரிந்தது என்று இப்போதுதான் அறிகிறேன்.

தாங்க முடியாதென்றால் அங்கேயே வேறு அணி பாருங்கோ. கோபிக்கமாட்டேன், குளிசையை மட்டும் ஒழுங்காகப் போடுங்கோ. தாங்கலாமென்றால் ஒரு வரி எழுதி விடுங்கோ, எத்தனை மணிக்கு வாறீர்கள் என்று. சமைக்க வேண்டும்.

லூசியா


சிலாபம்
06.09.2024

லூசியா,

வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணி. இரண்டு பேருக்குச் சமையும், மகளும் வவுனியாவிலிருந்து வந்தால் மூன்று பேருக்கு.

இப்படிக்கு,
நண்டு லூசியாவின் புருஷன்